குரல் திண்ணை

குஜராத்துக்கு மாற்றலாகி வரும் தமிழர்களுக்குச் சீக்கிரமே பிடித்துப்போகிற உள்ளூர்ச் சொல் ஒன்று உண்டு: ஓட்லோ. வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் கல்லிலோ சிமென்ட்டிலோ கட்டிய மேடை. சாயங்காலமானால் பெரியவர்கள் அதில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுவார்கள். நம்மூர்த் திண்ணையேதான். மணிநகர் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் பார்க்கலாம். அடுக்குமாடி வந்தபிறகு இங்கேயும் அது மறைந்துகொண்டிருக்கிறது.

2008-ல் இந்த ஓட்லோவை ஒரு தொலைபேசி எண்ணுக்குள் கட்ட முயன்றார்கள். பெயர் 'அவாஜ் ஓட்லோ'. அவாஜ் என்றால் குரல். ஆக, குரல் திண்ணை. இணையமே இல்லாத, பலருக்குச் சரளமாகப் படிக்கவும் வராத சிறு விவசாயிகள், சாதாரண செல்பேசியில் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம்; மற்றவர்கள் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கேட்கலாம். அகமதாபாத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதாமல் விட்டால் எப்படி? கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விவசாயம் படித்தவன் அல்ல, பி.காம். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரே பூச்சி, பழைய லெட்ஜரைத் தின்னும் ராமபாணம்தான். ஆனால் பயிர்க்கடன் கொடுக்கும் கிளையில் சில வருடங்கள் உட்கார்ந்தவன். விவசாயிக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்குக் கடன் திரும்பி வருமா என்ற கேள்வியோடு சேர்ந்தே வந்தது.

முதலில் ரேடியோ

விவசாயிக்குத் தூரத்திலிருந்து குரலால் யோசனை சொல்வது செல்பேசியோடு தொடங்கியதல்ல. 1956-ல் யுனெஸ்கோவும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து புனே நிலையத்தை வைத்து ஒரு சோதனை நடத்தின. ஐந்து மாவட்டங்கள், 150 கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சிறு குழு ரேடியோவைச் சுற்றி உட்காரும். மராத்தியில் அரைமணி நேர நிகழ்ச்சி, மொத்தம் இருபது. கேட்டு முடித்ததும் கலைந்து போய்விட மாட்டார்கள். அங்கேயே விவாதிப்பார்கள். சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். பதில் பின்னால் ஒரு நிகழ்ச்சியில் வரும். கனடாவில் 1941-ல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றங்கள்தான் இதற்கு முன்மாதிரி. கேள், பேசு, செய் என்பது சாரம்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது, தபால் மூலமாகத்தான் என்றாலும், விவசாயி திரும்பிப் பேச முடிந்தது என்பதை. அதுவும் தனியாக அல்ல, ஊராரோடு கூடி உட்கார்ந்து.

சோதனை நன்றாகப் போனதால் 1959-ல் நாடு முழுக்க வானொலி மன்றங்கள் என்று அறிவித்தார்கள். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. ஆனால் மன்றத்தைக் கூட்டவும், கேள்விகளைச் சேர்க்கவும், பதில் அனுப்பவும் ஆள் வேண்டுமே! அந்த ஆள் குறையக் குறைய மன்றங்கள் தேய்ந்தன. ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ரேடியோ ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. நம் தஞ்சாவூரிலேயே சாட்சி இருக்கிறது. அறுபதுகளில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் ஆடுதுறையிலிருந்து வந்தபோது, திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே வயலுக்குக் கொண்டுபோனது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டெல்டா பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப்பாருங்கள், கண் விரியும். ஒரு ரகம் புதிதாக வருகிறது, எல்லோருக்கும் ஒரே செய்தி என்றால் ரேடியோவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 'என் வயலில் இலை மட்டும் சுருளுது, பக்கத்து வயலில் சுருளலை, ஏன்?' என்ற கேள்வியை ரேடியோவிடம் கேட்க முடியாது.

மருந்துக்கடைக்காரர் சொன்னார்

கிராமசேவகர்கள், விரிவாக்க அலுவலர்கள் என்று அரசு ஆட்கள் இருந்தார்கள்தான். ஒருவருக்கு எத்தனை கிராமம் என்று பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. 2003-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் தன் 59-வது சுற்றில் விவசாயக் குடும்பங்களிடம் கேட்டது: புதிய தொழில்நுட்பம் பற்றி யாரிடம் தெரிந்துகொள்கிறீர்கள்? எந்த வழியிலாவது தகவல் பெற்றவர்களே சுமார் 40 சதவீதம்தான். சக விவசாயிகளிடம் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம். விதை, மருந்து விற்பவரிடம் 13.1. ரேடியோ 13.0. அரசு விரிவாக்க ஊழியர் 5.7.

வணிகவியல் படித்தவனுக்கு இந்தக் கணக்கில் உறுத்துவது மருந்துக்கடைக்காரர். அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. கடன் சொன்னால் கொடுப்பவர், ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பவர். ஆனால் அவர் தரும் ஆலோசனை இலவசம் என்று நினைத்தால் அது பிழை. அதன் விலை பாட்டிலின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எது நன்றாக வேலை செய்யும் என்பதும், எது அவரிடம் ஸ்டாக் இருக்கிறது என்பதும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

குஜராத்தில் இது பெரிய விஷயமானதற்குக் காரணம் பருத்தி. 2002-ல் பி.டி. பருத்திக்கு அரசு அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவின் தொல்லை குறைந்தது. ஆனால் சாறு உறிஞ்சும் பூச்சிகளிடம் அதன் ஜம்பம் பலிக்காது. அப்பா காலத்து அனுபவம் பாதிதான் உதவும் என்ற நிலை. 1998-லேயே கிசான் கிரெடிட் கார்டு வந்துவிட்டது. விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் எங்களைப் போன்ற வங்கிகள் பணம் கொடுத்தோம். எந்த மருந்து, எப்போது, எவ்வளவு என்பதற்கு எந்தக் கார்டும் இல்லை.

இன்கமிங் இலவசமான வருடம்

செல்பேசி வந்த புதிதில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் கட் பண்ணிவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவோமே, அதே காலம். 2003 மே மாதம் முதல் கூப்பிடுபவரே செலவை ஏற்கும் முறை வந்தது. இன்கமிங் இலவசம். அதே வருடம் டார்ச் விளக்கோடு நோக்கியா 1100 வந்தது. ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகிறவனுக்கு டார்ச்சும் போனும் ஒன்றாகக் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

எழுத்து வழி அப்போது அடைபட்டுத்தான் இருந்தது. மலிவான போன்களில் குஜராத்தி எழுத்தைப் படிப்பதே பாடு, நம் தமிழுக்கும் அதே கதி. ஆங்கில எழுத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் யார் படிப்பது? பேச்சுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. காதில் வைத்தால் போதும்.

2004 ஜனவரி 21-ல் மத்திய அரசு கிசான் கால் சென்டரைத் தொடங்கியது. 1551 என்று நான்கே இலக்கம், பிறகு 1800-180-1551. அந்தந்த மொழியில் விவசாயம் படித்த ஒருவர் எடுத்துப் பதில் சொல்வார். விவசாயி கேள்வி கேட்கும் உரிமை திரும்ப வந்தது. ஒரே குறை, பதில் கேட்டவர் காதோடு முடிந்துவிடும். அதே நோய் வந்த பக்கத்து வயல்காரர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2007-ல் இஃப்கோவும் ஏர்டெல்லும் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து இஃப்கோ கிசான் சஞ்சார் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. 'கிரீன் சிம்' போட்ட போனுக்கு நாள்தோறும் ஒரு நிமிடம் போல ஓடும் குரல் செய்திகள் இலவசமாக வரும். வானிலை, சந்தை விலை, பயிர் பாதுகாப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கிளைக்கதை தேனியில் நடந்தது. காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் அமைப்பின் துணையோடு, 'விடியல்' என்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட பெண்கள் வங்கியில் கடன் பேசினார்கள். ஆடு வாங்கக் கடன். அந்தக் கடனுக்குள்ளேயே ஆளுக்கொரு செல்பேசியும் சேர்த்தி! ஆடு வளர்ப்புப் பாடங்கள் குரல் செய்திகளாக அந்தப் போனுக்கு வந்தன. போனையும் ஆட்டைப் போல ஓர் உற்பத்திச் சாதனமாகக் கணக்கில் எடுத்து அந்தக் கடனுக்கு ஒப்புதல் போட்ட அதிகாரி யாரென்று தெரியாது. எங்கிருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

திண்ணை கட்டிய கதை

இப்போது அவாஜ் ஓட்லோ. அகமதாபாத்தில் டெவலப்மென்ட் சப்போர்ட் சென்டர் என்று ஒரு தொண்டு நிறுவனம். ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து வந்த அனில் ஷா 1994-ல் தொடங்கியது. பாசன நீர் மேலாண்மையில் பெயர் எடுத்தவர்கள். வானொலியில் விவசாயிகளுக்காக வாரம் ஒரு நிகழ்ச்சியும் நடத்திவந்தார்கள். நிகழ்ச்சி பிரபலம், ஆனால் பழைய வானொலிக் குறை அப்படியே இருந்தது. ஒளிபரப்பாகும் நேரத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தால் போனது போனதுதான். கேட்டவருக்குச் சந்தேகம் வந்தாலும் வழியில்லை.

ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த நீல் படேல், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் தபன் பாரிக், ஐ.பி.எம். இந்திய ஆய்வுக்கூடம் ஆகியோர் இந்த நிறுவனத்தோடு சேர்ந்தார்கள். உருவானது மிக எளிமையான அமைப்பு. ஓர் எண்ணைக் கூப்பிட வேண்டியது. குஜராத்தியில் ஒரு குரல் வழிகாட்டும். மூன்று அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கேள்வி-பதில், அறிவிப்புகள், பழைய வானொலி நிகழ்ச்சிகள். பீப் ஒலித்ததும் கேள்வியைப் பேசிப் பதிவு செய்யலாம். அடுத்து கூப்பிடுகிற யாரும் அதைக் கேட்கலாம், பதிலும் சொல்லலாம். நிபுணர்களும் பதில் சொல்வார்கள்.

வாயால் சொல்லித் தேர்வு செய்வதா, பொத்தானை அழுத்தித் தேர்வு செய்வதா என்று ஆரம்பத்தில் ஒரு கேள்வி. படிக்காதவருக்குப் பேச்சுதானே சுலபம் என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம். சோதித்துப் பார்த்தார்கள். பொத்தான் ஜெயித்தது! எழுத்து தெரியாதவருக்கும் போனில் எண் அழுத்தத் தெரிந்திருந்தது. மேஜையில் உட்கார்ந்து முடிவெடுக்காமல் விவசாயியிடம் போய்க் கேட்டதன் பலன்.

முதல் சோதனையில் 51 விவசாயிகள், ஏழு மாதம். 2010-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்வது இது. மூன்று அறைகளில் கூட்டம் மொய்த்தது கேள்வி-பதிலில்தான். தன் சந்தேகத்தைக் கேட்கக் கூப்பிட்டவர்கள், மற்றவர்களின் கேள்விகளையும் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த 51 பேருக்கும் இப்படிப்பட்ட கூட்டு உரையாடல் வாழ்க்கையிலேயே முதல்முறை. எப்படிப் பேசவேண்டும், எது அங்கே பேசக்கூடியது என்ற வரம்புகள் மெல்ல உருவாயின. நிபுணர் பதிலும் வேண்டும், சக விவசாயிகளோடு தாராளமாகப் பேசவும் வேண்டும் என்றார்கள். திண்ணையில் வாத்தியாரும் இருக்கவேண்டும், பங்காளியும் இருக்கவேண்டும் என்பது போல.

2012-ல் நீல் படேலும் குழுவினரும் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். விவசாயக் குறிப்புகளைச் சிலவற்றைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் குரலிலும், சிலவற்றைச் சக விவசாயிகள் குரலிலும் அனுப்பினார்கள். யாரை நம்புவீர்கள் என்று நேரில் கேட்டால் பலரும் விஞ்ஞானியைத்தான் சொன்னார்கள். ஆனால் மேலும் விவரம் கேட்டுத் திரும்பக் கூப்பிட்டது விவசாயியின் குரலைக் கேட்ட பிறகுதான் அதிகம். வாய் ஒன்று சொல்லும், விரல் வேறொன்றை அழுத்தும்.

பெஞ்சில் நடந்த வழக்கு

சௌராஷ்டிரப் பக்கம் ஒரு கிளையில் நான் இருந்த காலம். பயிர்க்கடன் புதுப்பிக்க வந்தவர்கள் வாசல் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஒருவருக்கு இப்படி ஒரு பதிவுக்குரல் அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டார். சீரகத்துக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பது விஷயம். பக்கத்தில் இருந்த மூவர் குனிந்து கேட்டார்கள். முடிந்ததும் தொடங்கியது வழக்கு. "அது கரிசலுக்கு. நம்ம கிணத்துத் தண்ணி உப்பு, அந்தக் கணக்கு சரிவராது" என்றார் தலைப்பாகைக்காரர். போன்காரர் விடவில்லை. டோக்கன் நம்பர் கூப்பிட்டும் யாரும் எழவில்லை. காசாளர் என்னைப் பார்த்தார், நான் இன்னும் ஐந்து நிமிடம் விடச் சொன்னேன். ஆளில்லாமல் தேய்ந்துபோன வானொலி மன்றம் வங்கி பெஞ்சில் தானாகவே கூடியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

சந்தோஷக் கதை போதும், வரவு செலவுக்கு வருவோம். சுரேந்திரநகர் மாவட்டத்தில் 2011 முதல் இரண்டு ஆண்டுகள், 1,200 பருத்தி விவசாயிகளை வைத்து ஷான் கோல், நிலேஷ் பெர்னாண்டோ என்ற பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சேவை, மற்றவர்களுக்கு இல்லை. வாரம் ஒரு குரல் செய்தி, சந்தேகம் இருந்தால் கூப்பிட ஓர் எண். கேள்விகளில் பூச்சி பற்றியவையே அதிகம்.

பலன் தெரிந்தது. சேவை கிடைத்தவர்கள் அபாயம் மிகுந்த பழைய மருந்துகளை விட்டுத் திறமாக வேலை செய்யும் மருந்துகளுக்கு மாறினார்கள். சீரகம் பயிரிடுவது கூடியது, அதன் விளைச்சலும் ஏறியது. ஆனால் இரண்டு விஷயங்கள் என்னை யோசிக்கவைத்தன.

ஒன்று: விவசாய அறிவைச் சோதிக்கும் கேள்விகளில் அவர்கள் மதிப்பெண் கூடவில்லை. ஏன் என்று தெரியாமலேயே சொன்னதைச் செய்திருக்கிறார்கள். காரணம் நம்பிக்கை. விற்க எதுவும் கையில் இல்லாத ஒரு குரல் அது. அதே குழாய் வழியாக நாளை ஒரு மருந்துக் கம்பெனியின் குரல் வந்தாலும் இதே நம்பிக்கையோடுதான் காது கொடுப்பார்கள். அப்படியானால் குழாய் யார் கையில் என்பது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு: கிடைத்த லாபம் சேவையின் செலவைப்போலப் பல மடங்கு. இருந்தும், காசு கொடுத்து வாங்குவீர்களா என்றபோது விவசாயிகள் கொடுக்க முன்வந்த தொகை, நடத்தும் செலவைவிடக் குறைவு. பி.காம். முதல் வருடப் பாடத்தில் இதற்கு விடை இருக்காது என்று நினைப்பீர்கள், இருக்கிறது. தெருவிளக்குக்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. ஒருவர் கேட்டால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் தகவலுக்கு அந்த ஒருவர் மட்டும் ஏன் பணம் கட்டுவார்? ஆக, யாராவது பொதுவில் நின்று செலவு செய்யவேண்டும்.

நடந்ததும் ஏறக்குறைய அதுதான். இந்த வேலையிலிருந்து 'அவாஜ்.டி' என்ற நிறுவனம் பிறந்தது. 2016-ல் மைக்கேல் கிரெமர், ஷான் கோல் முதலியோர் சேர்ந்து, விவசாயிகளுக்குச் செல்பேசி வழி ஆலோசனை சொல்ல லாப நோக்கில்லாத ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கிரெமர் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். ஒடிசா அரசு 2018-ல் அவர்களோடு சேர்ந்து 'ஆம க்ருஷி' என்ற இலவசக் குரல் சேவையைத் தொடங்கியது. தெருவிளக்குக் கணக்கு அங்கே ஓரளவு தீர்ந்தது.

இப்போது ஸ்மார்ட்போன் காலம். 2023-ல் பி.எம். கிசான் திட்டச் சந்தேகங்களுக்காகக் 'கிசான் இ-மித்ரா' வந்தது. பேசினால் கணினியே பதில் சொல்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரு ஸ்மார்ட்போன் மகன் கையில் இருக்க, களை எடுக்கும் அம்மாவிடம் பொத்தான் போன்தான் இருக்கிறது என்ற வீடுகள் எனக்குத் தெரியும். கணினிக் குரலிடமும் பழைய கேள்விகளைத்தான் கேட்கவேண்டும்: நான் திருப்பிக் கேட்கலாமா? பக்கத்து வயல்காரன் காதிலும் விழுமா? செலவு யாருடையது?

கடைசியாக ஒன்று. நம்மில் பலருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருக்கும், அப்பாவோ மாமாவோ குத்தகைக்காரரோ பயிர் வைத்துக்கொண்டிருப்பார். 1800-180-1551, தமிழில் பேசலாம், காலை ஆறு முதல் இரவு பத்து வரை, காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது இந்த எண்ணையும் சொல்லிவையுங்கள். "எனக்குத் தெரியாததையா அவன் சொல்லிடப்போறான்?" என்பார்கள். இருக்கட்டும், காலண்டர் ஓரத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.